யாருடைய மருத்துவர்? விளையாட்டுக் களத்தில் ஊதியமும் விசுவாசமும்

2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 கிலோ மல்யுத்த இறுதிப்போட்டி நாளின் காலை எடைச்சோதனையில் 100 கிராம் கூடுதலாக இருந்த காரணத்தால் வினேஷ் போகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். நான்கு நாள்கள் கழித்து இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் பி.டி. உஷா ஓர் அறிக்கை வெளியிட்டார். மல்யுத்தம், பளுதூக்குதல், குத்துச்சண்டை, ஜூடோ போன்றவற்றில் எடையைப் பேணுவது வீரருக்கும் அவருடைய பயிற்றுநருக்கும் உரிய பொறுப்பு. சங்கம் அமர்த்திய தலைமை மருத்துவ அலுவலருக்கும் அவருடைய குழுவுக்கும் அதில் பொறுப்பில்லை என்பதே அதன் சாரம். போட்டிகள் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அக்குழு அமர்த்தப்பட்டது, சொந்தமாக ஊட்டச்சத்து நிபுணரோ இயன்முறை மருத்துவரோ இல்லாதவர்களுக்கு உதவுவதும் அதன் நோக்கம் என்றும் அந்த அறிக்கை விளக்கியது.

அறிக்கையின் முதற்பகுதியை ஊடகங்கள் பல நாள் அலசின. நமக்கு முக்கியமாகத் தோன்றுவது கடைசி விளக்கம்தான். நாட்டின் சார்பாகக் களமிறங்குவோருள் இரு வகையினர் உண்டு என்பதை நாட்டின் உச்ச விளையாட்டு அமைப்பே போகிற போக்கில் ஒப்புக்கொள்கிறது. தமக்கென மருத்துவக் குழுவை வைத்துக்கொள்ள வசதியோ புரவலரோ உள்ளவர்கள் ஒரு வகை. அமைப்பு அனுப்பும் மருத்துவரிடம் உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் மறுவகை. இரண்டாம் வகையில் யார் நிறைந்திருப்பார்கள் என்று இத்தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதே வினேஷ் போகத் 2024 ஏப்ரலில் பொதுவெளியில் எழுப்பிய புகாரையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தம் பயிற்றுநருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் போட்டி அரங்கில் நுழைய அனுமதி கிடைக்கவில்லை, மல்யுத்த சம்மேளனம் அமர்த்தியவர்களைத் தம்மால் நம்ப முடியவில்லை, தண்ணீரில் எதையாவது கலந்துவிடுவார்களோ என அஞ்சுகிறேன் என்று அவர் எழுதினார். சம்மேளனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்க நாம் வரவில்லை. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக ஓர் அமைப்பின் முன்னாள் தலைவர்மீது வீதியில் இறங்கிப் போராடிய பெண், அதே அமைப்பு ஊதியம் தரும் கைகளில் தம் முழங்காலையும் குடிநீரையும் ஒப்படைக்க நேர்கிறது. அந்நிலையில் அச்சம் எழுவது இயல்பு. மருத்துவருக்குப் பணம் தருவது யார் என்பது கணக்கர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளும் விவரமன்று. உடலின் உண்மை முதலில் யாருக்குச் சொல்லப்படும் என்பதையும் அதுவே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

பணம் தலைகீழாகப் பாய்ந்த நாடு

தொழில்முறை விளையாட்டின் பொருளாதாரம் முழு வளர்ச்சி பெற்ற அமெரிக்காவில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில் ஆடுவோரில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அணி உரிமையாளர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். மருத்துவரை அமர்த்துவது உரிமையாளர். அந்த மருத்துவர் தொடுவது வீரரின் உடலை. நடுவே இருப்பது ஊசி.

சிகாகோ பேர்ஸ் அணியின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் டிக் பட்கஸ், தம் முழங்காலுக்குச் சரியான சிகிச்சை அளிக்காமல் அணி தொடர்ந்து ஆடவைத்தது என்று வழக்குத் தொடுத்து, 1976இல் 6 லட்சம் டாலர் சமரசத் தொகை பெற்றார். சட்ட மாணவர்கள் இதைவிட ஆழ்ந்து படிக்க வேண்டிய வழக்கு சார்லி க்ரூகருடையது. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்காகப் பதினைந்து பருவங்கள் ஆடியவர் அவர். முழங்காலின் தசைநார் சிதைந்திருப்பதும், அதன்மேல் மீண்டும் மீண்டும் செலுத்தப்பட்ட ஸ்டீராய்டு ஊசிகளின் பின்விளைவும் அவருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்தே தம் காலின் எக்ஸ்ரே படங்களின் பொருளை அவர் அறிந்தார். “உண்மை தெரிந்திருந்தாலும் அவர் ஆடத்தான் செய்திருப்பார்” என்ற அடிப்படையில் விசாரணை நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. 1987இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தர்க்கத்தை ஏற்க மறுத்தது. வீரரைக் களத்தில் வைத்திருக்கும் விருப்பத்தால் உண்மையை மறைத்தது மோசடியான மறைப்பே என்று அது கூறியது.

“அவன் எப்படியும் செய்திருப்பான்” என்ற வாதம் நமக்குப் புதிதா என்ன? கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மாண்டவருக்கு இழப்பீடு கேட்டு நீதிமன்றம் ஏறும்போது எதிர்த்தரப்பு வைக்கும் முதல் வாதம், “அவராக விரும்பித்தான் இறங்கினார்” என்பதுதான். வறுமையும் மறைக்கப்பட்ட அபாயமும் சேரும் இடத்தில் ‘விருப்பம்’ என்ற சொல் என்ன பொருள் தரும் என்பதை, கோடிகளில் ஊதியம் பெறும் விளையாட்டின் வழக்கொன்று இவ்வளவு துலக்கமாக எடுத்துவைத்திருப்பதால்தான் க்ரூகர் வழக்கை இங்கே நினைவுகூர்கிறோம்.

இதுவரை சொன்னது அணி மருத்துவருக்குப் பணம் தரும் கதை. இதற்கு நேரெதிரான ஏற்பாடும் அங்கே வளர்ந்தது. 2004இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு விரிவான செய்தியை வெளியிட்டது. வீரர்களுக்குச் சிகிச்சையளிக்கும் உரிமையைப் பெறுவதற்காக மருத்துவமனைகளும் மருத்துவக் குழுமங்களும் அணிகளுக்கு ஆண்டொன்றுக்கு 15 லட்சம் டாலர் வரைகூடப் பணம் செலுத்திவந்தன என்பதே அச்செய்தி. புகழ்பெற்ற ஆட்டக்காரரின் முழங்காலைச் சரிசெய்யும் மருத்துவமனை என்ற பெயர் கிடைத்தால், அந்நகரில் முழங்கால் வலி உள்ள ஒவ்வொருவரும் அங்கேதானே வருவார்கள்! மருத்துவமனைக்கு அது விளம்பரச் செலவு, அணிக்கு வருமானம். விளம்பரப் பலகையின் இடத்தில் வீரரின் உடல் இருந்தது.

கண்டனங்களுக்குப் பிறகு, சிகிச்சை ஒப்பந்தத்தையும் விளம்பர ஒப்பந்தத்தையும் பிரிக்கும் விதிகளை லீக் கொண்டுவந்தது. ஆயினும் மருத்துவ நிறுவனங்களின் பெயர்கள் பயிற்சி மைதானங்களின் முகப்பில் இருந்து இறங்கிவிடவில்லை. பிட்ஸ்பர்க் அணியின் பயிற்சி வளாகம் யு.பி.எம்.சி. என்ற மருத்துவ நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. டாம்பா பே அணியின் வளாகத்துக்கு அட்வென்ட்ஹெல்த் பெயர். 2011இல் வீரர்கள் சங்கத்துடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில், அணி மருத்துவரின் முதற்கடமை அணிக்கு அன்று, நோயாளியான வீரருக்கே என்று எழுதப்பட்டது. நல்ல வாசகம்தான். சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவர் மட்டும் மாறவில்லை.

ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டூபர்ட், கோஹன், லின்ச் ஆகியோர் 2016இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இந்த முரணைத்தான் குறிவைத்தது. ஒரே மருத்துவர் வீரருக்குச் சிகிச்சையும் அளித்து, வீரரின் உடல்தகுதி பற்றி அணிக்கு ஆலோசனையும் சொல்வது இயல்பிலேயே முரணானது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். வீரரைக் கவனிக்கும் மருத்துவர்களை லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து தெரிவு செய்யும் நடுநிலைக் குழு அமர்த்தட்டும், அவர்களுடைய பணியை அக்குழுவே மதிப்பிடட்டும் என்று அது பரிந்துரைத்தது. லீக் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. அணி மருத்துவர்கள் நேர்மையற்றவர்கள் என்று அவ்வறிக்கை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு நேர்மையானவரையும் இரண்டு எசமானர்களுக்கு நடுவே நிறுத்தும் அமைப்பைத்தான் அது கேள்வி கேட்டது. தனிமனித நல்லெண்ணத்தைக் காட்டிக் கட்டமைப்பைக் காப்பாற்றும் உத்தியைச் சாதி பற்றிய விவாதங்களில் தினந்தோறும் சந்திப்பவர்கள் நாம். “எங்கள் ஊரில் அப்படியெல்லாம் யாரும் இல்லை” என்பதன் மருத்துவப் பதிப்பு இது.

மூளைக் காயங்களுக்கான இழப்பீட்டில் நடந்தது இன்னும் கொடுமை. தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு மறதிநோய்க்கு ஆளான முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு தர லீக் உடன்பட்டது. யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று அளக்கும் மருத்துவச் சோதனைகளில் ‘இன அளவுகோல்’ ஒன்று நுழைக்கப்பட்டது. கறுப்பினத்தவரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்பது அதன் அனுமானம். அந்த அனுமானத்தின்படி, ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளை வீரருக்கு இழப்பீடு கிடைக்கும். கறுப்பு வீரரிடம் ‘உன் அறிவு பெரிதாகக் குறைந்துவிடவில்லை’ என்று சொல்லப்படும். கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்த பிறகே இது பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. 2021 ஜூனில் லீக் அந்த அளவுகோலைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் அதை நீக்கும் ஏற்பாட்டுக்கு நீதிபதி அனிட்டா பிராடி ஒப்புதல் அளித்தார். எண்களும் வெள்ளை மேலங்கியும் சேர்ந்தால் அறிவியல் ஆகிவிடுமா? பிறப்பால் அறிவு குறைந்தவர்கள் என்ற பழம்பொய், பணம் கொடுக்க வேண்டிய தரப்புக்குச் சாதகமான சூத்திரமாக மாறி, மருத்துவர்களின் மேசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இங்கிலாந்துக் கதை சிறியது, தெளிவானது. 2015 ஆகஸ்ட் 8 அன்று ஸ்வான்சி அணிக்கு எதிரான ஆட்டத்தில், கீழே விழுந்த ஈடன் ஹசார்டைக் கவனிக்க நடுவர் அழைத்ததால் செல்சி அணியின் மருத்துவர் ஈவா கார்னேரோ களத்துக்குள் ஓடினார். சிகிச்சை பெற்றவர் சற்று நேரம் வெளியேற வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே பத்துப் பேருடன் ஆடிய அணி சில கணங்கள் ஒன்பது பேராகிவிட்டது. பயிற்றுநர் மொரீனியோ அவரைப் பகிரங்கமாகக் கடிந்தார். அணியில் அவருடைய பொறுப்பும் சுருக்கப்பட்டது. அவர் வெளியேறி வழக்குத் தொடுத்தார். 2016 ஜூனில் செல்சி நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு வழக்கைச் சமரசமாக முடித்தது. உலகின் பணக்கார லீக் ஒன்றில், பெயர்பெற்ற அணியில், நடுவரே அழைத்தபின் போன மருத்துவருக்கே இந்தக் கதி. ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஓர் இயன்முறை மருத்துவர் நம் ஊர்ப் பயிற்சி முகாமில் “இந்தப் பெண் நாளை ஓடக்கூடாது” என்று சொல்லத் துணிவாரா?

இலவசம் என்னும் விலை

பணம்தான் சிக்கல் என்றால் பணமே வாங்காத மருத்துவர் தூயவராக இருப்பாரோ? அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அதற்கும் விடை சொல்லிவிட்டது. அந்நாட்டு அணியின் மருத்துவராக இருந்து நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம்பெண்களையும் சிகிச்சை என்ற பெயரில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய லாரி நாசர், ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்புக்குச் சம்பளமில்லாத் தொண்டராகவே பணியாற்றினார். அவருக்கு ஊதியம் தந்தது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். ஒலிம்பிக் அணியின் மருத்துவர் என்ற மதிப்பும், அம்மதிப்பு திறந்துவிட்ட கதவுகளும் அவருக்குக் கூலியாக இருந்தன. சம்பளம் வாங்காத பெரிய மனிதரைக் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. பல்கலைக்கழகம் 2018இல் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. கூட்டமைப்பும் அமெரிக்க ஒலிம்பிக் அமைப்பும் 2021 இறுதியில் 38 கோடி டாலருக்கு உடன்பட்டன. புகாரை உரிய நேரத்தில் விசாரிக்காமல் விட்டதற்காக அமெரிக்க நீதித் துறை 2024இல் ஏறத்தாழ 13.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கூட்டிப் பார்த்தால், அவர் வாங்காத சம்பளத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் விலை.

இந்த ‘இலவசம்’ நம் நாட்டுச் சட்டத்தில் வேறொரு வேலையும் செய்கிறது. வழக்கறிஞர்களாகிய நாம் இங்கே சற்று நின்று பேச விரும்புகிறோம்.

1995 நவம்பரில் இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் முழுச் சட்டகமும் பணம் யார் தருகிறார் என்ற கேள்வியின்மேல் நிற்கிறது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் இடம் அச்சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாக அளிக்கும் இடம் உள்ளே. அங்கே இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் வழக்காடலாம். பணிநிபந்தனையின் ஒரு பகுதியாக முதலாளி செலவை ஏற்றால் அது இலவசம் ஆகாது, தொழிலாளி நுகர்வோரே. இரயில்வே மருத்துவமனையில் இரயில்வே ஊழியருக்குக் கிடைக்கும் சிகிச்சைக்கும் இதே விதி பொருந்தும் என்பதை லட்சுமண் தம்மப்பா கோட்கிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த அளவுகோலை ஓர் ஓட்டக்காரிமேல் வைத்துப் பார்ப்போம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயில் வேலை பெற்றவர் அவர். இரயில்வே மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை தவறினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கூட்டமைப்பு பணம் கட்டித் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினாலும் போகலாம், ஏனெனில் பிறர் பணத்தில் பயன்பெறுபவரையும் சட்டம் நுகர்வோர் என்கிறது. தனியார் மருத்துவமனை விளம்பரத்துக்காக இலவசமாகப் பார்த்தாலும் போகலாம், பிறரிடம் கட்டணம் வாங்கும் இடம் அது. ஆனால் தேசியப் பயிற்சி முகாமிலேயே உள்ள மருத்துவப் பிரிவில், யாரிடமும் கட்டணம் வாங்காத இடத்தில், தவறான ஊசியால் தோள்பட்டை கெட்டால்? “இது முற்றிலும் இலவசச் சேவை, நீ எங்கள் ஊழியரும் அல்ல” என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது. அப்போது மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். ஆண்டுக் கணக்கில் நீளும் பாதை. நாட்டுக்காக ஓடும்போது ஏற்பட்ட காயத்துக்கு, வேலைக்குப் போகும்போது ஏற்பட்ட காயத்தைவிடக் குறைந்த சட்டப் பாதுகாப்பு. சொந்த மருத்துவருக்குச் சொந்தப் பணம் கட்டக்கூடியவருக்கு இந்த ஓட்டை ஒரு பொருட்டே அன்று. முகாமை நம்பி வந்தவர்தான் அதில் விழுவார்.

(வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது; நம்மவர்கள் அதை இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். பிற தொழில்களின் பொறுப்பைப் பற்றி நாம் எழுதும்போது வாசகர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.)

நம் நாட்டிலும் ஐ.பி.எல். அணிகளின் கூட்டாளிப் பட்டியல்களில் மருத்துவமனைகளின் பெயர்கள் இடம்பெறத் தொடங்கிவிட்டன. நோயாளியை அனுப்புவதற்குத் தரகோ அன்பளிப்போ கொடுப்பதையும் பெறுவதையும் 2002ஆம் ஆண்டின் மருத்துவர் தொழில்நடத்தை விதிமுறைகள் தடைசெய்கின்றன. ஆனால் அவை தனி மருத்துவரைக் கட்டுப்படுத்துபவை; நிறுவனம் நிறுவனத்துக்குத் தரும் ‘கூட்டாண்மைக் கட்டணம்’ அவற்றின் பிடியில் எளிதாகச் சிக்காது. மருத்துவர் வாங்கினால் தரகு, மருத்துவமனை கொடுத்தால் கூட்டாண்மை.

ஊதிய ஏணியின் கீழ்ப்படியையும் பார்க்காமல் போகக்கூடாது. இந்திய விளையாட்டு ஆணையம் இயன்முறை மருத்துவர்களையும் உடல் பிடித்துவிடுபவர்களையும் தொடர்ந்து ஒப்பந்த அடிப்படையில் எடுத்துவருகிறது. வீரருடன் அன்றாடம் இருப்பவர்கள், எந்தத் தசை எப்போது இறுகியது என்று அறிந்தவர்கள் இவர்கள்தான். முடிவெடுக்கும் மேசையில் இவர்களுக்கு நாற்காலி இருப்பதில்லை. உடலைத் தொட்டுப் பார்க்கும் வேலைக்கு நம் சமூகம் என்ன மதிப்புக் கொடுத்துவந்தது என்பதை, அறுவையும் பிரசவமும் பார்த்த நாவிதர், மருத்துவச்சி ஆகியோரின் வரலாறு சொல்லும். தமிழ்நாட்டில் ‘மருத்துவர்’ என்பது இன்றும் அச்சமூகத்தின் பெயர். தொழிலின் மதிப்பு மேலே போனபோது அவர்களைக் கீழேயே விட்டுவிட்டது.

சாந்தி

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த தலித் பெண் சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாள்களில் ‘பாலினச் சோதனை’யில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அவரைச் சோதித்த மருத்துவர்கள் அவருடைய மருத்துவர்கள் அல்லர். அவர் அவர்களை அழைக்கவில்லை. அவருக்கு அவர்கள் கடமைப்பட்டிருக்கவும் இல்லை. ஆனால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே மட்டும் இருக்க வேண்டிய மிக அந்தரங்கமான தகவல் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. 2002 விதிமுறைகள் வலியுறுத்தும் இரகசியக் காப்பு அவர் விஷயத்தில் எங்கே போயிற்று என்று எந்த அமைப்பும் கேட்கவில்லை. அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் செங்கல் சூளையில் வேலை செய்ததை நாளிதழ்கள் படம்பிடித்தன. மூன்று ஆண்டுகள் கழித்துத் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே நெருக்கடி வந்தபோது அந்நாட்டு அரசு அவர் பக்கம் நின்றது. சாந்தியின் பதக்கத்தை நம் அமைப்புகள் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டன.

விளையாட்டு அமைப்புக்குப் பணியாற்றும் மருத்துவம் எதுவரை போகும் என்பதற்கு 2013இல் வெளிவந்த பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வுக் கட்டுரை ஒன்று சான்று. வளரும் நாடுகளின் கிராமப்புற, மலைப்பகுதிகளைச் சேர்ந்த 18 முதல் 21 வயதுடைய நான்கு வீராங்கனைகளுக்குப் பிரான்சில் உள்ளுறுப்புகள் அகற்றப்பட்டன. பிறப்புறுப்பின் ஒரு பகுதியும் வெட்டப்பட்டது. அவ்வுறுப்புகளை அப்படியே விட்டிருந்தால் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்பதை அக்கட்டுரையே குறிப்பிடுகிறது. பெண்கள் பிரிவில் தொடர்ந்து ஓடுவதற்காகவே அறுவை. நோயே இல்லாத உடலில் நடந்த அந்த அறுவையில் நோயாளி யார், வாடிக்கையாளர் யார்? தடகள அமைப்பின் இத்தகைய விதிகளை நடைமுறைப்படுத்த உதவாதீர்கள் என்று உலக மருத்துவ சங்கம் 2019 ஏப்ரலில் மருத்துவர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகும், 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பங்கேற்க எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனை கட்டாயமாகிவிட்டது. சோதனையை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அந்தந்த நாட்டுத் தடகளக் கூட்டமைப்புகளுடையது. ஆக, காயத்துக்குக் கட்டுப்போடும் அமைப்பே கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி அனுப்பும். முடிவு பாதகமாக வந்தால் அதை முதலில் அறிபவர் யார்? அந்தப் பெண்ணுக்கு அவள் மொழியில் விளக்கிச் சொல்லப்போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் தருவது யார்? 2006இல் கேட்கத் தவறிய இக்கேள்விகளை இன்று மாவட்ட அளவில் ஓடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

சட்டம் வந்துவிட்டது, பிறகு?

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், வீரர் குழுக்கள், பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை என அது பலவற்றைப் பேசுகிறது. நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கும் சாதனை படைத்த வீரர்களுக்கும் இடம் குறிக்கிறது. பட்டியல் சமூகத்தவருக்கு அப்படி எதையும் குறிக்கவில்லை. வீரரின் மருத்துவரை யார் அமர்த்துவது, யாரிடம் அவர் பதில் சொல்ல வேண்டும், மருத்துவமனையுடனான விளம்பர ஒப்பந்தத்தை வெளியிட வேண்டுமா என்பனவற்றிலும் அது மௌனம். 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு வந்துவிட்டன. 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்கிறார்கள். மைதானங்களுக்கான ஒப்பந்தப்புள்ளிகள் வேகமாக வரும். மருத்துவ ஒப்பந்தங்களும் அவற்றோடு சேர்ந்தே வரும், யாரும் பார்க்காதபோது.

சட்டத்தின் கீழ் விதிகளும் கொள்கைகளும் எழுதப்படும் இக்காலத்தில் நாம் வலியுறுத்தக் கூடியவை சில உண்டு. சிகிச்சை அளிப்பவரும் உடற்தகுதிச் சான்று தருபவரும் ஒருவராக இருக்கக்கூடாது. இரண்டாவது மருத்துவக் கருத்துக்கான செலவைக் கூட்டமைப்பின் கையில் இல்லாத ஒரு நிதியில் இருந்து தர வேண்டும். இல்லையேல் அது பணமுள்ளவரின் உரிமையாகவே இருந்துவிடும். முகாம் மருத்துவப் பிரிவுகளின் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று விதியிலேயே எழுதிவிட்டால் சாந்தா தீர்ப்பின் ஓட்டை அடைபடும். இவற்றில் முதலாவதைத்தான் எதிர்ப்பார்கள் என்று கணிக்கிறோம். மற்ற இரண்டும் பணம் சார்ந்தவை, பேரம் பேசி ஓரளவு பெறலாம். முதலாவது அதிகாரம் சார்ந்தது.

விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சிகிச்சை பெற்ற எவரும் தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று 2002 விதிமுறைகள் சொல்கின்றன. கல்லூரி அணியில் ஆடும் மாணவர்கள் காயம்பட்ட அன்றே எழுத்துமூலம் கேட்டுப் பழக வேண்டும். இந்திய ஒலிம்பிக் சங்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொது அதிகார அமைப்பே என்று தில்லி உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறது. அரசின் நிதியுதவி பெறும் கூட்டமைப்புகளிடமும், இந்திய விளையாட்டு ஆணையத்திடமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் விண்ணப்பிக்கலாம். கேட்க வேண்டியவை: கடந்த மூன்று நிதியாண்டுகளில் அமர்த்தப்பட்ட மருத்துவர்கள், இயன்முறை மருத்துவர்கள், உடல் பிடித்துவிடுபவர்களின் எண்ணிக்கை, அவர்களுள் நிரந்தரப் பணியில் உள்ளோர் எத்தனை பேர், பட்டியல் சமூகத்தவர் எத்தனை பேர், மருத்துவமனைகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் நகல், அவற்றில் எந்தத் தரப்பு எந்தத் தரப்புக்குப் பணம் தருகிறது. வணிக இரகசியம் என்று 8(1)(d) பிரிவையும், தனிநபர் தகவல் என்று 8(1)(j) பிரிவையும் காட்டி மறுப்பார்கள். நோயாளிகளின் விவரம் எதுவும் வேண்டாம், ஒப்பந்தத்தின் நகல் மட்டும் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் இரண்டாவது மறுப்பு நிற்காது. முதலாவதை மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.